அறுபத்து நான்கு ஸ்லாட்

எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடும் ஆள் அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்துக்கே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தடவுவார்கள். இவர் மூடியைக் கழற்றுவார், மூக்கைக் கொண்டுபோவார், "தண்ணி எறங்கியிருக்கு" என்பார். அல்லது "சக்திக்கு மீறி இழுக்க விட்டுட்டீங்க" என்பார். அது தப்பியதாகச் சரித்திரம் கிடையாது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எடுபிடியாக நுழைந்த பட்டறையைப் பதினைந்து வருடத்தில் சொந்தமாக்கிக்கொண்டவர். ஒரு வாத்தியார் சொல்லித் தந்ததில்லை, ஒரு சான்றிதழ் சுவரில் தொங்கியதில்லை. எல்லோருக்கும் அவர் மோட்டார்க்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது.

பட்டறையில் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு நோட்டில்தான். கருகிய கம்பிச் சுருளைப் பிரிக்கும்போதே, எந்த ஸ்லாட்டில் புகுந்து எந்த ஸ்லாட்டில் வெளியே வருகிறது, எத்தனை சுற்று என்று அதில் எழுதிக்கொள்வார். ஸ்லாட் என்றால் இரும்பு வளையத்தின் உள்பக்கம் வரிசையாக வெட்டியிருக்கும் பள்ளம். கம்பி அதற்குள்தான் படுக்கும். சாக்குக்கட்டியால் ஒன்றைக் குறித்துவிட்டு அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போவார். மற்றவர்களுக்கு அந்த நோட்டு எறும்பு ஊர்ந்த தடம். அவருக்கு அது வேதம். எழுபத்திரண்டு சுற்று வரவேண்டிய இடத்தில் எழுபத்தொன்று சுற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து மோட்டார் சூடேறிப் புகைந்து திரும்பி வரும். அவர் சுற்றியது எதுவும் அப்படித் திரும்பி வந்ததில்லை. வந்தது என்று யாராவது சொன்னால் அவர்கள் இவருக்கு ஆகாதவர்கள்.

செஸ் அவரைப் பிடித்தது ஒரு மின்விசிறியால். டயர் கடையின் மாடியில் செஸ் கிளப் இருந்தது. ஏறும்போதே முனகும் மரப்படி, மூன்று குழல் விளக்கு, அதில் ஒன்று எப்போதும் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். கீழேயிருந்து ரப்பர் வாசனை படியேறி வந்து உட்கார்ந்துகொள்ளும். விசிறி சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். போனவர் ஏணியில் ஏறினார். ஏறிய இடத்திலிருந்து கீழே பார்த்தால் ஒரு மேசை, அதில் இரண்டு பேர், நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். இரண்டு மணி நேரம் ஏணியை விட்டு இறங்கவில்லை. அன்றைக்கு விசிறி சுற்றவும் இல்லை.

அடுத்த பதினோரு வருடம் பட்டறையைப் பூட்டினால் நேரே அந்தப் படிதான். புத்தகம் படித்து ஆடியவர்களையெல்லாம் அந்த மாடியில் உட்கார வைத்துத் தோற்கடித்தார். அவருக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றே ஒன்று. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். பிறகு குதிரை, பிறகு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் ஒரே ஒரு கட்டம், பிறகு பிஷப். ராஜாவை மூலையில் பத்திரமாகக் கோட்டை கட்டி வைத்துவிட்டு, எல்லாம் அதனதன் பள்ளத்தில் படுத்த பிறகு, அந்த ஒரு கட்டச் சிப்பாயை இன்னொரு அடி தள்ளிக் கதவைத் திறப்பார். எதிரி என்ன ஆடினாலும் இவருக்கு இதுதான்.

"அண்ணன் ஆட்டத்த ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்பார் கிளப்பில் அவரோடு ஆடும் தையல்காரர்.

"குடிச்சிட்டு வாங்க தம்பி. வந்து தோத்துக்கலாம், அவசரம் என்ன?"

இந்தத் தொடக்கத்துக்குப் புத்தகத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயர் இருக்கிறது என்று கிளப் செயலாளர் ஒருநாள் சொன்னார். செயலாளர் மருந்துக்கடை வைத்திருந்தவர். எதையும் மாத்திரை மாதிரி எண்ணித்தான் பேசுவார். மோட்டார்க்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "நான் சொந்தமா கண்டுபிடிச்சதுக்கு எவரோ ஒருத்தர் பேரா? அவரு வேணா என்னைப் பாத்து ஆடியிருப்பாரு."

இப்படிப்பட்டவரைக் கிளப் அணியில் மட்டும் சேர்க்கவில்லை. காரணம் எழுத்து. லீக் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியாக வேண்டும். கட்டத்தின் பெயர் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக வரும். எண் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அந்த எட்டு எழுத்து இருக்கிறதே, அதுதான் முரண்டு பிடித்தது. பி, டி என்ற இரண்டு எழுத்து அவர் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும்; எது வயிற்றை முன்னால் தள்ளி நிற்கிறது, எது பின்னால் என்று நினைவுக்குக் கொண்டுவருவதற்குள் கடிகாரம் ஓடிவிடும். ஒவ்வொரு வருடமும் ஐந்து பேர் பட்டியல் சுவரில் ஒட்டப்படும். தன்னிடம் தோற்றவர்களின் பெயரை அதில் வாசித்துவிட்டு, "நல்ல பசங்க" என்று சொல்லிக்கொண்டு படியிறங்குவார். மறுநாள் பட்டறையைப் பூட்டியதும் மறுபடியும் அதே படியேறுவார்.

பன்னிரண்டாவது வருடம் தையல்காரருக்குக் கண் அறுவை. அணியில் அவர் உட்காரும் ஐந்தாவது பலகை, ஐந்தாம் போர்டு, காலி. செயலாளர் பட்டறைக்கே வந்தார். வார்னிஷ் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம ஆட வர்றீங்களா?"

"வர்றேன்" என்றார் இவர், கேள்வி முடிவதற்குள்.

"முழுசா கேளுங்க. நீங்க எழுதணும். எழுத்துல ஏதாவது புகார் வந்து கிளப் மானம் போச்சுன்னா, அதோட சரி. அப்புறம் டீம்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது. ஒரு ஆட்டம்தான் தர்றேன்."

"புகார் வராது."

"எப்படி எழுதுவீங்க?"

"அது என் தொழில் ரகசியம்."

ரகசியம் எதுவும் அப்போது கையில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தட்டை எடுத்தபடியே சொன்னாள்: "அந்தப் பலகையில எத்தனை கட்டம்?"

"அறுபத்து நாலு."

"உங்க மோட்டார்ல எத்தனை பள்ளம்?"

"இருபத்து நாலு இருக்கும், முப்பத்தாறு இருக்கும்..."

"அதுக்கு நோட்டு போடத் தெரியுதுல்ல. இதுக்கு என்ன கேடு? பெரிய மோட்டார்னு நெனச்சு எழுதிட்டு வாங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வெள்ளைக்கு இடது கை மூலைக் கட்டம் ஒன்று. அங்கிருந்து வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போனால் எதிர்மூலை அறுபத்து நான்கு. ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் பன்னிரண்டு, இருபத்தெட்டு. குதிரை ஏழிலிருந்து இருபத்திரண்டு. நான்கு நாளில் பலகையைப் பார்க்காமலே எந்தக் கட்டத்துக்கும் எண் சொன்னார். யோசனை தன்னுடையது என்றுதான் கடைசி வரை வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் வழக்குப் போடவில்லை.

ஞாயிறு காலை போட்டி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் பெஞ்சில் உட்கார்வது அன்றைக்குத்தான். முழங்கால் மேசையில் இடித்தது. நடுவராக வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை; வெள்ளைப் புடவை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அந்த அம்மாளைப் பார்த்ததும் ஐம்பது வயது மனிதருக்குக் கை தானாகக் கட்டிக்கொண்டது.

எதிரே உட்கார்ந்தவர் ஒரு வக்கீல். மோட்டார்க்காரருக்கு வெள்ளைக் காய். பன்னிரண்டு, இருபத்தெட்டு என்று தன் நோட்டில் எழுதினார். வக்கீல் எட்டிப் பார்த்தார். நான்கு நகர்த்தல் பொறுத்தார். ஐந்தாவதில் கையைத் தூக்கிவிட்டார்.

"மேடம், ஒரு ஆட்சேபணை. இவரு எழுதறது செஸ் எழுத்தே இல்ல. பால் கணக்கு மாதிரி இருக்கு."

அறை முழுக்கத் திரும்பியது. முதல் போர்டில் இருந்த செயலாளரின் காது சிவந்ததை மோட்டார்க்காரர் பார்த்தார். பதினோரு வருடம் காத்திருந்த இடம் ஐந்தே நகர்த்தலில் கைவிட்டுப் போகப் பார்த்தது.

ஆசிரியையம்மாள் நோட்டைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "இது என்னங்க?"

"கட்டத்துக்கு நம்பர் போட்டிருக்கேங்கம்மா. ஒண்ணுலேருந்து அறுபத்து நாலு. எங்க தொழில்ல இப்படித்தான்."

"இத வச்சு ஆட்டத்தத் திரும்ப ஆடிக் காட்ட முடியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் முடியும்."

"சரி, ஆடுங்க. தேவைப்பட்டா கேப்பேன். அப்ப ஒரு எடத்துல தடுக்குச்சுன்னாலும் இந்த நோட்டு செல்லாது. ஆட்டமும் உங்களுக்கு இல்ல."

வக்கீல் புன்னகையோடு குனிந்தார். "நானும் பாக்கறேன்" என்றார் காய்களிடம்.

தொடக்கம் இவர் நினைத்தபடியே போனது. இரண்டு பேரும் கோட்டை கட்டினார்கள். ஒன்பதாவது நகர்த்தலில் சிப்பாய் இருபத்தொன்றிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போனது, கதவு திறந்தது. வக்கீல் அங்கே கன்னத்தில் கைவைத்தார். இருபது நிமிடம் போனது. இந்த ஆட்டத்தைப் புத்தகத்தில் படித்தவர்தான் அவர். ஆனால் படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவது ஒன்று, பதினோரு வருடம் தினமும் ஆடுவது வேறு. நேரம் வக்கீலுக்குத் தண்ணீராகக் கசிந்தது. அந்த லீக்கில் ஒருவருக்கு முதல் நாற்பது நகர்த்தலுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் முடிக்காவிட்டால் கடிகாரத்தில் இருக்கும் சின்னச் சிவப்புக் கொடி விழும். கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு.

முப்பதாவது நகர்த்தலில் வக்கீலுக்கு மீதி மூன்று நிமிடம். எழுதுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தாளில் ஒரு கோடு மட்டும் போட ஆரம்பித்தார். நேரமில்லாதவருக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த அவசரத்திலும் மனிதர் நன்றாகத்தான் ஆடினார். இரண்டு பக்கமும் ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. அதில் வக்கீலுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அவருடைய யானை ஐம்பத்தெட்டிலிருந்து நேரே இரண்டுக்கு இறங்கிச் செக். இவர் ராஜா ஏழிலிருந்து பதினாறுக்கு. யானை பத்துக்குப் போய்ச் சிப்பாயை முறைத்தது. ராஜா அதைக் காக்க ஏழுக்குத் திரும்பினார். மறுபடியும் யானை இரண்டில் செக், மறுபடியும் ராஜா பதினாறு. டக், டக் என்று கடிகாரத்தை இருவரும் மாறி மாறி அறைந்தார்கள். மோட்டார்க்காரருக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் நிதானமாக எழுதினார்.

பிறகு வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாற்பது முடிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. மோட்டார்க்காரர் அடுத்ததை வைத்துக் கடிகாரத்தை அழுத்தினார். வக்கீல் சாவகாசமாக யோசித்தார். கொடி விழுந்தது.

ஆசிரியையம்மாள் பின்னாலேயே நின்றிருந்தார். கடிகாரத்தை நிறுத்தினார். வக்கீலின் தாளை எடுத்து எண்ணினார். எழுதியது முப்பது. கோடு ஒன்பது.

"முப்பத்தொன்பதுதாங்க இருக்கு."

"இல்ல மேடம், நாற்பது. நிச்சயமா நாற்பது."

"உங்க கையால போட்ட கோடுதானே சார் இது?"

வக்கீல் தாளைப் பார்த்தார். ஒன்பது கோடு. மறுபடியும் எண்ணினார். அப்போதும் ஒன்பதுதான். 

மற்ற நான்கு போர்டும் முடிந்துவிட்டிருந்தன. இரண்டுக்கு இரண்டு. இந்த ஓர் ஆட்டம்தான் மிச்சம். வக்கீலின் கிளப்பை இவர்கள் கிளப் அதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. செயலாளர் ஜன்னலோரம் நின்று இரண்டு கையையும் கூப்பியிருந்தார், யாரை நோக்கி என்று தெரியவில்லை.

ஆசிரியையம்மாள் மோட்டார்க்காரர் பக்கம் திரும்பினார். நோட்டைப் பார்த்தார்; தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "உங்க கணக்கும் முப்பத்தொன்பதுதானே?"

தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். நோட்டைப் படிக்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது. முதல் ஆட்டத்திலேயே வெற்றி, கிளப்புக்குக் கோப்பைக்கான வழி, ஐந்தாம் போர்டு ஆயுசுக்கும் சொந்தம். ஜன்னலோரத்தில் செயலாளரின் தலை இவருக்குப் பதிலாக ஆடிக்கொண்டிருந்தது.

மோட்டார்க்காரர் நோட்டைப் பார்த்தார். தன் கையெழுத்தில், தன் எண்ணிக்கையில், நாற்பது இருந்தது. அதை முப்பத்தொன்பது என்பதா? எண்ணத் தெரியாதவன் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்வதா? அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு தலைமை ஆசிரியைக்கு முன்னால்? நியாயம், தர்மம் என்றெல்லாம் அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. கணக்கு தப்பு என்றதும் உடம்பு சுருக்கென்றது, அவ்வளவுதான்.

"இல்லைங்கம்மா. என் கணக்கு தப்பாது. நாற்பது."

"அய்யோ" என்றது ஜன்னல்.

"அவரு நாற்பது வச்சாரு. அதுக்கப்புறம் நாற்பத்தொண்ணாவது நான் வச்சேன். ரெண்டாவது தடவ செக் சொன்னாரு பாருங்க, அப்ப கோடு போட மறந்துட்டாரு."

"படிச்சுக் காட்டுங்க" என்றார் ஆசிரியையம்மாள்.

பக்கத்து மேசையில் இன்னொரு பலகையை அடுக்கினார்கள். இவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று படித்தார். "பன்னெண்டு இருபத்தெட்டு. அவரு அம்பத்திரண்டு முப்பத்தாறு. ஏழு இருபத்திரண்டு. அவரு அறுபத்துமூணு நாற்பத்தாறு." ஆசிரியையம்மாள் முதல் பத்து நகர்த்தலுக்கு விரலால் கட்டத்தை எண்ணி எண்ணி வைத்தார். பிறகு விரல் தேவைப்படவில்லை. இருபதாவதற்குமேல் இவர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் காய்க்குக் கை நீட்டினார். இரண்டு கிளப் ஆட்களும் சுற்றி நின்றார்கள். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. நாற்பதாவது எண் வந்ததும் அந்தப் பலகையும் இந்தப் பலகையும் அச்சு எடுத்ததுபோல் நின்றன, கடைசியாக இவர் வைத்த ஒரு காய் மட்டும் வித்தியாசம்.

"நாற்பதுதான்" என்றார் அம்மாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"நாலாவதுங்கம்மா."

"நல்லா எழுதியிருக்கீங்க."

பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய பாராட்டு வாழ்நாளுக்கும் அது ஒன்றுதான். ஐம்பது வயதில் வாங்கினார். அவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றவர் அதைக் கேட்டதும் உட்கார இடம் தேடினார்.

ஆட்டம் தொடர்ந்தது. வக்கீலுக்குப் புதிதாக அரை மணி நேரம் கிடைத்தது. கூடுதல் சிப்பாயைக் கைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு அடுத்த முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஐம்பத்தேழாவது நகர்த்தலில் மோட்டார்க்காரர் தன் ராஜாவைச் சாய்த்தார். வக்கீல் உடனே எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ங்க. எதிர்க்கட்சி சாட்சி எனக்காகப் பேசுனது இன்னிக்குத்தான். பால் கணக்குன்னு சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க."

"பால் கணக்கும் சரியாத்தாங்க இருக்கணும்" என்றார் இவர்.

திரும்பும் பேருந்தில் கிளப் ஆட்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள். மூன்றுக்கு இரண்டு தோல்வி. "அரிச்சந்திரன் பரம்பரைன்னு சொல்லவே இல்லையே" என்று யாரோ ஒருவர் முணுமுணுத்தார். செயலாளர் முன்சீட்டில், முதுகு மரப்பலகை மாதிரி. புகார் வந்துவிட்டது. தோல்வியும் வந்துவிட்டது. ஒரு ஆட்டம்தான் என்று சொல்லியிருந்தார். அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. மோட்டார்க்காரர் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து, இனி அந்தப் பட்டியலை எட்டிப் பார்க்கக்கூட முகமில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நாற்பது நாற்பதுதான்.

பாதி வழியில் செயலாளர் எழுந்தார். ஆடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "முப்பத்தெட்டுன்னா எது?" என்றார்.

"ராஜா பக்கத்து பிஷப் நிக்குது பாருங்க, அந்த வரிசையில அஞ்சாவது கட்டம்."

செயலாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கோணலாகக் கட்டம் போட்டார். ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டே போனார். பேருந்து குலுங்கியதில் நாற்பத்தேழு இரண்டு தடவை வந்தது, அடித்துவிட்டுத் திருத்தினார்.

"இருபத்தாறாவது நகர்த்தல்ல குதிரைய முப்பத்தெட்டுல வச்சிருந்தா அவன் அங்கேயே காலி. தெரியுமா?"

மோட்டார்க்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். "அடடா."

"அடடாவாம். பதினோரு வருஷமா அதே கதவு, அதே சாவி. தெறந்ததுக்கப்புறம் உள்ள போகத் தெரியல."

"அடுத்த தடவ போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த தடவை ஏது?

செயலாளர் தாளை மடித்துப் பையில் வைத்தார். அதை அவர் அப்புறம் தூக்கிப் போடவே இல்லை. பதினேழு வருடம் மோட்டார்க்காரர் ஐந்தாம் போர்டில் ஆடியபோதெல்லாம், எதிரணியில் யாராவது நோட்டைப் பார்த்து ஆட்சேபித்தால் அதை எடுத்து நடுவரிடம் நீட்டுவார். இப்போது கடிகாரமே நகர்த்தலை எண்ணிக்கொள்கிறது. யாரும் யாரையும் கேட்க வேண்டிய அவசியமில்லை. அந்த மாடியில் டயர் அடுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பேருந்தில் அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நிறுத்தம் வந்ததும் செயலாளர் எழுந்தார். இறங்கும் படியில் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு பஸ். லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவோம்."

ஞாயிறு ஏழு மணிக்கே மோட்டார்க்காரர் நிறுத்தத்தில் நின்றார்.